ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்துப் பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்தாலும் கோயிலுக்குப் போனாலும் அதே தொண்டைதான். "அக்கா, உன் நாக்குக்கு ஒரு கேட் போட்டுப் பூட்டணும்" என்று என் தம்பி சின்ன வயதிலிருந்தே சொல்வான். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன். நுணலும் தன் வாயால் கெடும் என்கிறார்களே, அது என் மகள் கல்யாண சமயத்தில் எனக்கு நடந்தது. கெட்டது நான் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தம்பியையே இழக்கப் பார்த்தேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கன்னட ஊரில் குடியிருக்கிற தமிழ்க் குடும்பம், ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் தொண்ணூறில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் தம்பி ஒரு பெட்டியோடு வந்து நின்றான். "நான் இங்கதான் இருக்கப்போறேன். நீ ஸ்கூலுக்குக் கிளம்பு" என்றான். அவன் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் டிராயிங் செக்‌ஷனில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணித் தமிழ் ஆராதனைக்கு எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிப்பவனும் அவன்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். என் வாயில் பாதிகூட அவனுக்குக் கிடையாது.

அவனுடைய சிநேகிதர் அதே டிராயிங் செக்‌ஷனில் பக்கத்து மேஜை. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். அங்கே ஓசூர் பஸ் வந்துபோகிற ஊரில் பிறந்ததால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, உள்ள வரலாமா, இல்ல ஹீகே, இப்படியே, போயிடவா?" என்று கேட்டார். இவ்வளவு கூச்சப்படுகிற ஆம்பிளையை நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கூச்சக்காரரின் இன்னொரு முகத்தைத் தொண்ணூற்றொன்று டிசம்பரில் பார்த்தேன். காவிரிக் கலவரம். தமிழ் பேசுகிற வீடா என்று கேட்டு அடிக்கிறார்கள் என ஊரெல்லாம் பேச்சு. தம்பியும் நானும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், இவர் எங்கிருந்தோ நடந்தே வந்து சேர்ந்தார். ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக் கேட்டுக்கு உள்பக்கம் போட்டுக்கொண்டு, கன்னடப் பேப்பரை விரித்து வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் நாலைந்து பேர் கட்டையோடு வந்தார்கள். இவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "இது நம்ம மனே கணப்பா" என்றார். நம்ம வீடுப்பா இது என்கிறார். அவர்கள் பேப்பரைப் பார்த்தார்கள், இவர் முகத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். உள்ளே என் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் கர்த்தாவே கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அந்த நாற்காலியில் இருந்தார். சும்மா இருக்க முடியாமல் என் மகளுக்குக் கன்னட எழுத்து சொல்லிக்கொடுத்தார். அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அந்தப் பாடம் நிற்கவே இல்லை.

அடுத்த வருஷம் தம்பி வந்து, "ஜீவனஹள்ளியில ஒரு மாடிவீடு பார்த்திருக்கோம் அக்கா, நானும் அவனும்" என்றான்.

"சமைக்கிறது யாரு?"

"அவன்தான்."

"அப்பாடா, பிழைச்சே" என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'ரூம்மேட்' என்று பெயர். தம்பியின் ரூம்மேட் வந்தார், ரூம்மேட் ரசம் வைத்தார், ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். நான் தம்பிக்குப் பெண் பார்த்து மூன்று போட்டோ கொண்டுபோனேன். மூன்றாவது போட்டோவை அவன் திரும்பக் கவருக்குள்ளேயே வைத்து என் கையில் கொடுத்தான். "இதோட விட்டுடு அக்கா. நான் சந்தோஷமா இருக்கேன்." அவன் முகம் அப்படித்தான் இருந்தது, சந்தோஷமாக. விட்டுவிட்டேன். உனக்குத் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான்.

அந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்தால் இரண்டு பேரும் என் வீட்டில்தான் சாப்பாடு. டிசம்பர் வந்தால் கல்கல் பலகாரம் செய்ய உட்காருவோம். மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்து, முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் போடுகிற வேலை. மூன்று கிலோ மாவு என்றால் இடுப்பு ஒடியும். நான் சுருட்டினால் ஒன்று மூட்டைப்பூச்சி மாதிரி, ஒன்று வெண்டைக்காய் மாதிரி. அவர் சுருட்டியது எல்லாம் ஒரே அளவு. "டிராயிங் செக்‌ஷன் கை அக்கா, சும்மனே இல்ல" என்பார். கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனைக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் வீட்டில் வேறு சாமி, ஆனால் தம்பி வாசிக்கிறதைக் கேட்காமல் அவருக்கு அந்த நாள் போகாது.

இப்போது என் வாய்க்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு பேப்பரைத் திறந்தால் ஏதாவது ஒரு வெளிநாட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் வந்த செய்தி இருக்கும். அங்கேயுள்ள சபைகள் இரண்டுபட்டுச் சண்டை. நம் ஊரில் அப்படி ஒரு பேச்சே கிடையாது, ஆனாலும் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் ஹாலில் ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். பெண்கள் சங்கத்தின் சார்பில் நான் பேசவேண்டும். "நீங்கதாம்மா கணீர்னு பேசுவீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அது போதாதா எனக்கு? இரண்டு நாள் உட்கார்ந்து வசனங்களைக் குறித்துவைத்தேன்.

வசனங்களோடு நிறுத்தியிருக்கலாம். வசனம் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். வகுப்பில் பிள்ளைகள் தூங்கினால் நான் ஒரு ஜோக் சொல்வேன், அந்தப் பழக்கம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நம்ம போதகர் ஐயாவும் ரெண்டு மாப்பிள்ளைக்கு ஓலை வாசிக்கணும் பாருங்க. வாசிக்கட்டும். ஆனா தாலியை யாரு யாருக்குக் கட்டுறது? டாஸ் போட்டுப் பாக்குறதா? பூ விழுந்தா இவன் புடவை, தலை விழுந்தா அவன் புடவையா?" என்றேன். ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. போதகரே நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்னும் ஒன்றிரண்டு சொன்னேன், அதை எழுத எனக்கே கை கூசுகிறது.

ஆரம்பப் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தவன் என் தம்பி. மேடைக்கு இடப்பக்கம், என்னிடமிருந்து ஆறடியில் உட்கார்ந்திருந்தான். நான் கைதட்டு வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவன் கீபோர்டின் மேல் துணியைப் போர்த்தி, நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். மெதுவாக, ரொம்ப மெதுவாக. என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் வெளியே ஆளுக்கு ஆள் "சூப்பர் டீச்சர், சூப்பர்" என்று கையைக் குலுக்க, அதை மறந்துபோனேன்.

அன்று மதியம் இருவரும் சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. "பாட்டுப் பயிற்சி இருக்குது" என்றான் போனில். அதற்கடுத்த வாரம் "தலைவலி". ஆர்கன் மட்டும் வழக்கம்போல் வாசித்தான். கடைசிப் பாட்டு முடிந்ததும் பக்கவாசல் வழியே போய்விடுவான். கோழிக் குழம்பு எனக்கும் மகளுக்கும் மட்டுமே இருந்தது. மகள் ஒரு ஞாயிறு தட்டைத் தள்ளிவிட்டு, "நீ என்னம்மா பேசினே அங்க?" என்று கேட்டாள். கூட்டத்தன்று அவள் வேலைக்குப் போயிருந்ததால் என் பேச்சைக் கேட்கவில்லை. நான் சொன்னதும் என்னையே பார்த்தாள். "மாமா அங்கதானே இருந்தாரு?"

"இருந்தான்."

"அய்யோ அம்மா!" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாகவோ.

அவளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஓசூர்க்காரர், நல்ல பையன். மே மாதம் பள்ளி லீவில் எங்கள் கோயிலில் கல்யாணம். அப்பா இல்லாத பெண்ணைக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை கைப்பிடித்துக் கூட்டிவந்து ஒப்புக்கொடுக்க வேண்டியவன் என் தம்பி. அது அவளுக்குப் பத்து வயதிலேயே முடிவான விஷயம். அவளே அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. வருவானா?

பத்திரிகை அச்சாகி வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். நெருங்கிய உறவுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பமாட்டோம். வீட்டுக்கே போய், அந்த வீட்டு வேதாகமத்தின் மேல் பத்திரிகையை வைத்து, வீட்டிலிருக்கிற எல்லாரையும் சொல்லி ஜெபம் பண்ணி, பிறகு எடுத்துக் கையில் கொடுப்போம். ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை. அண்ணன் தம்பி ஒரே கூரையின் கீழ் தனித்தனியாகச் சமைத்தால்தான் இரண்டு பத்திரிகை வைப்போம். இரண்டு வைத்தால் 'நீங்கள் பிரிந்துவிட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்' என்று அர்த்தம்.

தம்பி வீட்டுக் கவரில் என்ன எழுதுவது? பேனாவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே கவரில் இரண்டு ஆண்களின் பெயரைச் சேர்த்து எழுதினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தம்பி பெயரை மட்டும் எழுதினால் அவர் மனம் நோகும். கணக்கு டீச்சர் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது: ஆளுக்கு ஒரு கவர். தம்பிக்கு ஒன்று, சிநேகிதருக்கு ஒன்று. அதில் 'குடும்பத்துடன்' என்றுகூட மரியாதையாகச் சேர்த்தேன். எனக்கே என் சாமர்த்தியத்தைப் பார்த்து மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனேன். சிநேகிதர் காய் வாங்கப் போயிருந்தார். தம்பி வேதாகமத்தை எடுத்து மேஜையில் வைத்தான். நான் இரண்டு கவரையும் அதன்மேல் வைத்தேன். கண்ணை மூடப்போனேன்.

"அக்கா, இரு" என்றான். கவர்களை எடுத்துப் பார்த்தான். ஒன்றை இந்தக் கையிலும் ஒன்றை அந்தக் கையிலும் வைத்துக்கொண்டான். "ஒரு வீட்டுக்கு ரெண்டு பத்திரிகையா? நாங்க எப்ப பாகம் பிரிச்சோம்?"

"அப்படி இல்லடா. அவருக்கும் மரியாதையா இருக்கட்டும்னுதான்..."

"குடும்பத்துடன்னு போட்டிருக்கே. அவன் குடும்பம் யாரு அக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் இன்னும் சீக்கிரம் வரும். "எதைச் செஞ்சாலும் குத்தமா? உனக்கு வேணும்னா வா, வேணாம்னா விடு" என்று கத்திவிட்டேன்.

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கல்யாணத்துக்கு வர்றேன். கடைசி பெஞ்சுல உக்காந்துட்டுப் போறேன். பொண்ணைக் கூட்டிட்டு வர்றதுக்கு பெரியப்பா பையனைச் சொல்லிடு" என்றான். இரண்டு கவரையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னான். "அன்னைக்கு ஹால்ல இருந்து வீட்டுக்கு வந்தேன். அக்கா எப்படிப் பேசினாங்கன்னு அவன் ஆசையா கேட்டான். நல்லா பேசினாங்கன்னு சொல்லிட்டேன். உன்னை அவன் அவ்வளவு பெரிசா நினைச்சிட்டிருக்கான். அது கெட வேணாம்னு சொல்லிட்டேன்."

படியிறங்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை. ஆட்டோக்காரன், "எல்லி ஹோக்பேக்கு?" என்று மூன்று முறை கேட்டான். எங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல!

வீட்டில் கர்த்தரோடு ஒரு பெரிய சண்டை போட்டேன். நான் உம்முடைய பட்சம்தானே பேசினேன், எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டேன். பதில் வரவில்லை, கேட்கிற மாதிரி கேட்டால்தானே வரும். மறுநாள் மாலை போதகரைப் பார்க்கப் போனேன். தம்பி பெயரை எடுக்கவில்லை. அன்றைய பேச்சு ஒருத்தருக்கு ரொம்ப வலித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்யாணத்தைப் பத்திச் சபை சொல்றதை நான் மாத்த முடியாதும்மா. அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குது. ஆனா அன்னைக்கு நாம ரெண்டு பேரும் அதையா சொன்னோம்? நீங்க ஆளை வெச்சுச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ராத்திரி எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, வெளிய சொல்லல." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அதுக்கு எந்த வசனமும் நமக்குத் துணைக்கு வராதும்மா."

"இப்ப என்ன ஐயா பண்றது?"

"எனக்கும் தெரியல" என்றார். அந்தப் பதிலுக்காகவே அந்த மனிதர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வகுப்பில் ஒரு பிள்ளையை எல்லார் எதிரிலும் தப்பாகத் திட்டிவிட்டால், எல்லார் எதிரிலும்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுத் தலையைத் தடவினால் செல்லாது. அடுத்த ஞாயிறு அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் போதகரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி எழுந்து நின்றேன். ஆர்கன் பக்கம் திரும்பிவிடாதே, திரும்பினால் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடுவாய் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

"அன்னைக்கு ஹால்ல நான் பேசினேன். கல்யாணத்தைப் பத்தி நான் படிச்சு நம்பறதைச் சொன்னேன், அதுக்காக நிக்கல. மனுஷங்களைக் கேலி பண்ணி உங்களைச் சிரிக்க வெச்சேன். அப்படிப்பட்டவங்க நம்ம நடுவுலயும் இருக்கலாம், நம்ம பிள்ளைங்களா, நம்ம கூடப் பொறந்தவங்களா இருக்கலாம்னு நான் யோசிக்கல. அது பாவம். மன்னிச்சுக்குங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த சங்கத் தலைவியம்மா என் தொடையில் கிள்ளி, "ஏம்மா முடிஞ்சுபோனதைப் போய்க் கிளறுறே?" என்று முணுமுணுத்தார். "எனக்கு இன்னும் முடியல" என்றேன். அடுத்து கடைசிப் பாட்டு. எத்தனையோ வருஷமாக முதல் சுருதியைத் தப்பாமல் பிடிக்கிற என் தம்பி அன்று தப்பான கட்டையில் ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்தான். நான் பாடவில்லை, பாடினால் அழுதுவிடுவேன்.

அந்த வாரச் சனிக்கிழமை ஒரே ஒரு கவரோடு மறுபடியும் ஜீவனஹள்ளிக்குப் போனேன். இரண்டு பெயரையும் ஒரே வரியில், கரும்பலகையில் எழுதுகிற என் நல்ல கையெழுத்தில், பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தேன். இந்தத் தடவை தம்பி கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தான். சிநேகிதர்தான் கதவைத் திறந்தார். "பாங்க அக்கா, குத்துக்கோங்க" என்று தன் கலவைப் பாஷையில் உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ போட எழுந்தார்.

"டீ அப்புறம். முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். உங்களுக்குத் தெரியாத விஷயம்" என்றேன். அந்த ஜோக்கை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொன்னேன். தாலி, டாஸ், புடவை, எல்லாம். ஹாலில் அவ்வளவு லேசாக வந்த வார்த்தை அந்தச் சின்ன அறையில் ஒவ்வொன்றும் கல்லாக இருந்தது. சொல்லி முடித்து, "என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் அக்கா. அன்னைக்கு சாயங்காலமே பேக்கரியில ஒருத்தர் இதைச் சொல்லி நகுத்துட்டு, சிரிச்சிட்டு இருந்தாரு. உங்க பேரையும் சொன்னாரு. நான் பன் வாங்காமயே வந்துட்டேன்."

"அவன் உங்ககிட்ட நான் நல்லா பேசினதா சொன்னானே!"

"சொன்னான். ஹௌதா, அப்படியா, சந்தோஷம்னு சொன்னேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் உங்க வீட்டு வாசலையே மிதிக்கமாட்டான் அக்கா. அவனுக்கு இருக்கறது நீங்களும் மகளும்தான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா ஜோக் நல்லால்ல அக்கா. ரொம்ப நோவாயிடுச்சு."

நான் அழுதேன், வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். அவர் பதறிப்போய், "அய்யோ தேவ்ரே, அழாதீங்க, ஊட்டா பண்ணிட்டுப் போங்க" என்று தட்டை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது தம்பி படியேறி வந்தான். என் மூக்கைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மேஜைமேல் இருந்த கவரைப் பார்த்தான். எடுத்து வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான் என்று நினைக்கிறேன், ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"கையெழுத்து மட்டும் உனக்கு எப்பவும் நல்லா இருக்கும்" என்றான். வேதாகமத்தைக் கொண்டுவந்து வைத்தான். நான் இரண்டு பெயரையும் சொல்லி, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணினேன். குடும்பம் என்ற வார்த்தை எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது, எனக்கே ஆச்சரியம். ஆமென் சொன்னபிறகு தம்பி, "மே மாசத்துல கோட்டு போட்டா வெந்துபோயிடுவேன். இருந்தாலும் தைக்கக் குடுக்கணும்" என்றான். நான் சாம்பாரை இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

அப்படியானால் உன் கொள்கை மாறிவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். கல்யாணத்தைப் பற்றிச் சபை சொல்வதை நான் இன்றும் சொல்கிறேன். தம்பி வேறு மாதிரி சொல்வான். அவனும் அதே வேதாகமத்தைத்தான் வாசிக்கிறான், என்னைவிட அதிகமாகவே. எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. முன்பு அவன் வாய் திறக்க முடியாத இடத்தில் ஜெயித்தேன், இப்போது அவன் எதிரில் உட்கார்ந்து தோற்கிறேன். இதில்தான் எனக்கு நிம்மதி.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. சாம்பல் நிறக் கோட்டில் வேர்த்து விறுவிறுத்துத் தம்பி என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் பீடத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி சபை அழுதுவிட்டது. ஆராதனை முடிந்து மணமக்களும் நெருங்கிய சொந்தமும் கோயிலின் பக்கத்து அறைக்குப் போனோம். அங்கேதான் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்து. மணமக்கள் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சாட்சிகள் போட்டார்கள். பெண் வீட்டுச் சாட்சி இரண்டு பேர். தம்பி குனிந்து கையெழுத்துப் போட்டான். எங்கள் கோயில் பதிவேட்டில் சாட்சிக்குப் பக்கத்தில் மணப்பெண்ணுக்கு என்ன உறவு என்றும் எழுதவேண்டும். 'தாய்மாமன்' என்று எழுதினான்.

"இன்னொருத்தர்?" என்றார் போதகர். பெரியப்பா மகன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு முன்னே வந்தான்.

"நீ இருப்பா" என்று சொல்லிவிட்டு நான் கதவருகே போனேன். சிநேகிதர் கோயிலுக்குள் நின்று யாரோ விட்டுப்போன விசிறியை மடித்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "அக்கா, நானா, நான் எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேனாவை அவர் கையில் திணித்தேன். தம்பி பெயருக்குக் கீழே இருந்த வரியைக் காட்டினேன். அவர் குனிந்து, டிராயிங் செக்‌ஷன் கையால், கன்னடத்தில் தன் பெயரைப் போட்டார். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அவன் காது சிவந்திருந்தது. சிநேகிதர் மெதுவாக, "ஃப்ரெண்டுன்னு எழுதட்டுமா அக்கா?" என்று கேட்டார்.

"தாய்மாமன்னு எழுதுங்க" என்றேன்.

போதகர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருமாம்மா?"

"ரெண்டு பேரும்தான் ஐயா. ரெண்டு பேரும் என் தம்பிங்க."

சிநேகிதருக்குத் தமிழில் எழுதத் தெரியாது; பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போதகரே அந்த வார்த்தையை எழுதினார்.